மூன்றிலும் இடப்பக்கம் பழுது

ஜூன் 2

தம்பிக்கு,

அக்கா எதற்குக் கடிதம் எழுதுகிறாள், யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறாதே. எல்லோரும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறோம். போனில் கேட்கலாம்தான். கேட்டால் உன் மாமா பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், முடிவில் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். வாட்ஸப்பில் கேட்டால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுவாய். எனக்கு வேண்டியது முழுப் பதில். அதனால் நீயும் பேனாவை எடு.

துறைமுகத்தில் எங்களைக் கீழே இறக்கப் போகிறார்கள். வேலையிலிருந்து இல்லை, கிரேனிலிருந்து. இதுவரை நான் அந்த உயரத்தில் கண்ணாடித் தரை போட்ட கேபினுக்குள் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்து, கப்பலிலிருந்து பெட்டியைத் தூக்கி லாரியின் முதுகில் இறக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பெட்டியும் ஒரு சின்ன வீட்டு அளவு இருக்கும். அடுத்த மாதக் கடைசியிலிருந்து ஏசி அறையில் உட்கார்ந்து, தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, கிரேனில் இருக்கிற கேமராக்கள் வழியாகப் பார்த்து அதே வேலையைச் செய்ய வேண்டுமாம். சாயங்காலமானால் நீ மாட்டிக்கொண்டு காற்றில் வாள் வீசுவாயே, அதே சாதனம்.

மூன்று கம்பெனிகளிலிருந்து ஆளுக்கொன்று வந்திருக்கிறது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் இங்க சீனியர். நீங்க எதைச் சொல்றீங்களோ அதைத்தான் எல்லாருக்கும் வாங்குவோம்" என்று தலையில் கட்டிவிட்டார். நான் மூன்றுக்கும் பெயர் வைத்துவிட்டேன். முதலாவது சட்டி. அத்தனை கனம், பின்னால் வால் மாதிரி ஒயர். இரண்டாவது கைக்குட்டை. துணிப் பட்டை, மாட்டினது போலவே இருக்காது. மூன்றாவது கணக்குப்பிள்ளை. பெட்டிக்கும் லாரிக்கும் நடுவே இன்னும் எவ்வளவு தூரம் என்று கண்ணுக்கு முன்னால் எண் எழுதிக் காட்டும். ஆனால் மூக்கை நசுக்குகிறது, பையன்கள் எல்லோரும் கழுத்து வலி என்கிறார்கள்.

நீ கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். அதோடு இந்தச் சாதனத்தோடு குடும்பமே நடத்துகிறவன். எது நல்லது என்று சொல்.

இன்னொன்று. யாரிடமும் சொல்லாதே. பயிற்சி நிஜக் கிரேனில் இல்லை, விளையாட்டு மாதிரி ஒரு படத்தில். மூன்றையும் மாட்டிப் பார்த்தேன். மூன்றிலும் பெட்டியை லாரி மேல் டமாரென்று போட்டேன். நேற்று சேர்ந்த பையன்கள் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல இறக்குகிறார்கள். பொம்பளை மேலே ஏறினால் பெட்டி கீழே விழும் என்று சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.

அக்கா


ஜூன் 7

அக்கா,

உன் கடிதத்தைக் கடைக்கு மேலே இருக்கிற என் அறையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். நீ பயப்படுகிறேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சின்ன வயதில் பல்லியைக் கையால் பிடித்து என் சட்டைக்குள் போட்டவள் நீ.

பெட்டி டமாரென்று விழுவதற்கு நீ காரணமாக இருக்க மாட்டாய். ஹெட்செட்டை உனக்குத் தகுந்தாற்போல வைத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம் வேறு வேறு. உள்ளே இருக்கிற இரண்டு லென்ஸும் அதே தூரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆழம் தப்பாகத் தெரியும். கனத்தையும் பார்க்க வேண்டும். ஒரு ஷிப்ட் முழுக்க மாட்டியிருப்பவர்களுக்குச் சட்டி ஆகாது. கணக்குப்பிள்ளையின் எண்ணைப் பார்த்து மயங்காதே. கண் செய்ய வேண்டியதை எண் செய்தால் நல்லதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன். மூன்றையும் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு கிரேன் கொக்கியைப் பார். வலக் கண்ணை மூடு, திற. இடக் கண்ணை மூடு, திற. ஒரு கண்ணை மூடும்போது படம் தட்டையாகிவிட வேண்டும், திறந்ததும் ஆழம் திரும்பி வர வேண்டும். எதில் அது பளிச்சென்று நடக்கிறதோ அதுதான் உனக்குச் சரி.

நானும் புது ஹெட்செட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னுடையதில் வலப்பக்க ஓரம் மங்கிவிட்டது. விளையாட்டில் அந்தப் பக்கமிருந்து வரும் அம்பு கிட்டே வந்த பிறகுதான் தெரிகிறது, நானும் செத்துச் செத்து எழுந்திருக்கிறேன். நீ சொல்வதை வைத்து நானும் ஒன்று வாங்கிக்கொள்கிறேன். அக்காவுக்கு வேலைக்கு, தம்பிக்கு வெட்டி ஆட்டத்துக்கு.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜூன் 12

தம்பிக்கு,

உன் சோதனை நன்றாகக் காட்டிக்கொடுத்தது. யாரை என்று கேட்கிறாயா, அந்த மூன்று கம்பெனிகளையும்தான்.

இடக் கண்ணை மூடினேன். மூன்றிலும் ஒரு வித்தியாசமும் இல்லை. திறந்தபோது எப்படியோ மூடினபோதும் அப்படியே. பிறகு வலக் கண்ணை மூடினேன். மூன்றிலும் நடுவே ஒரே சாம்பல். கொக்கியும் இல்லை, லாரியும் இல்லை. இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். அதாவது மூன்றிலும் இடப்பக்க லென்ஸ் பழுது. மூன்று பேரும் ஒரே இடத்தில் வாங்கி நம் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்கள்.

நேராக மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் மாட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். அவர் கூட இருக்கிற பையனும் மாட்டிப் பார்த்துவிட்டு அதையே சொல்கிறான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கெல்லாம் கண்ணு தெரியலையா சார்" என்று கேட்டுவிட்டேன். வேறு மூன்று வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்த எரிச்சலோடு மேலே ஏறினேன் போலிருக்கிறது, செவ்வாய்க்கிழமை ஒரு காரியம் ஆகிவிட்டது. கீழே லாரிக்குப் பக்கத்தில் நின்று எனக்குக் கைகாட்டுகிறவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, நாங்கள் குருவி என்று கூப்பிடுவோம், நிற்கவே மாட்டான், தத்திக்கொண்டே இருப்பான். அவன் காட்டினபடிதான் இறக்கினேன். பெட்டியின் மூலை லாரியின் விளிம்பில் இடித்துத் திரும்பியது. அவன் ஒரு தாவு தாவினான். தாவியிருக்காவிட்டால் என்ன என்று நான் யோசிக்கவில்லை. கீழே வந்ததும் ஒழுங்காகக் கைகாட்டத் தெரியாதா என்று அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் அடுத்த லாரிக்குக் கைகாட்டப் போய்விட்டான்.

அன்றிலிருந்து ஏணியில் கால் வைக்கும்போதெல்லாம் உள்ளங்கை வியர்க்கிறது. எதற்கென்று எனக்கே தெரியவில்லை. அது கிடக்கட்டும். மூன்று லென்ஸும் ஒன்றாகப் பழுதாகுமா, நீ தொழில் தெரிந்தவன், சொல்.

அக்கா


ஜூன் 15

அக்கா,

இதைத் தனியாக இருக்கும்போது படி. மாமா பக்கத்தில் இருந்தால் மடித்து வைத்துவிட்டுப் பிறகு படி.

மூன்று லென்ஸும் ஒன்றாகப் பழுதாகாது. எங்கள் கடையில் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை, யாருக்கும் நடக்காது.

ஹெட்செட் எதுவும் வேண்டாம். சும்மா நின்று, வலக் கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, சுவரில் இருக்கிற கடிகாரத்தைப் பார். அழுத்தாமல் பொத்து. மணி தெரிகிறதா என்று பார்.

எனக்கு எழுதக் கை வரவில்லை. கடைக்கு ஆட்கள் வருவார்கள், படிக்கிறபோது எழுத்து கொஞ்சம் மங்குகிறது, பவர் கூடியிருக்கும் என்பார்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்வோம். சிலர் மூடினதும் அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு கண் எப்போதோ போயிருக்கும், இன்னொரு கண் இரண்டுக்குமாக உழைத்துக்கொண்டிருக்கும், அவர்களுக்குத் தெரியவே தெரியாது. வலி இருக்காது, சிவக்காது, ஒன்றும் இருக்காது.

உனக்கு அப்படி இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பார்க்காமல் மேலே ஏறாதே. பார்த்துவிட்டுக் கண் டாக்டரிடம் போ. எனக்கு உடனே எழுது.

தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கூடத்தில் உன் மாமா இருந்தார். குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பொத்தினேன்.

என் முகம் இல்லை. இடக் காது இருந்தது, தோடு இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல். கையை எடுத்தேன், முகம் வந்துவிட்டது. பொத்தினேன், போய்விட்டது. எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது அவர் சாப்பிடலாமா என்று கேட்டார், சாப்பிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் புரிகிறது. டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது வெளியே கொட்டுவது. கதவுப் பிடியைத் தேடுவது. மேலே இருந்து இத்தனை காலம் எதை வைத்துப் பெட்டியை இறக்கினேன் என்பதும் இப்போதுதான் தெரிகிறது. நிழலை வைத்து. லாரி மேல் பெட்டியின் நிழல் விழும், பெட்டியும் நிழலும் ஒட்டும் நேரத்தில் என் கை தானாக நின்றுவிடும். பயிற்சிப் படத்தில் நிழல் இல்லை, அதனால்தான் டமார்.

இப்போது நான் கேட்பது வேறு. முதலில் எது நல்ல ஹெட்செட் என்று கேட்டேன். இப்போது எது என்னை மறைக்கும் என்று கேட்கிறேன். கணக்குப்பிள்ளை மறைக்கும். அது எண்ணைக் காட்டிவிடுகிறது, ஆழம் எதற்கு? நான் அதைத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் அதையே வாங்குவார்கள், நான் அறைக்குள் உட்கார்ந்து எண்ணைப் பார்த்து இறக்கிக்கொண்டே ஓய்வு வரைக்கும் போய்விடுவேன். எண்ணைப் பெரிதாக்க வழி இருக்கிறதா என்று மட்டும் சொல். அறை திறக்கும் வரை மேலே சமாளித்துக்கொள்வேன். வெயில் காலம்தானே, நிழல் இருக்கும்.

டாக்டர் வேண்டாம். டாக்டர் சீட்டு எழுதினால் அது துறைமுகத்துக்குப் போகும். எனக்கு வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. மாமாவிடம் சொன்னாயானால் உனக்கு அக்கா இல்லை என்று வைத்துக்கொள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பழைய புகாரைத் திரும்ப வாங்கிவிட்டேன். நான்தான் சரியாக மாட்டவில்லை என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அக்கா


ஜூன் 24

அக்கா,

எண்ணைப் பெரிதாக்க வழி இருக்கிறது. சொல்ல மாட்டேன்.

கணக்குப்பிள்ளை மாடலைப் பற்றித் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். பெட்டி அசையாமல் தொங்கினால் எண் சரியாக இருக்கும். காற்றில் ஆடினால் எண் பின்தங்கிவிடும். பெட்டி இப்போது எங்கே இருக்கிறது என்று காட்டாது, கொஞ்சம் முன்னால் எங்கே இருந்தது என்று காட்டும். இரண்டு கண்ணும் உள்ள பையன்களாவது பார்த்துச் சமாளிப்பார்கள். நீ எண்ணை மட்டும் நம்புவாய். கீழே குருவி நிற்பான்.

உன்னிடம் எனக்கு எப்போதும் பயம்தான், அது உனக்கும் தெரியும். இப்போது உன்னை நினைத்தும் பயம், அவனை நினைத்தும் பயம். நான் முகம் கூடப் பார்த்திராத ஒருவன், கடையில் லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கண்முன்னால் தாவிக்கொண்டே இருக்கிறான். நேற்று உன் வீட்டுக்குப் போன் செய்தேன். மாமா எடுத்தார். அங்கே மழை உண்டா என்று கேட்டேன். வானம் மூட்டமாக இருக்கிறது, இன்னும் பெய்யவில்லை என்றார். வைத்துவிட்டேன். நான் பயந்தாங்கொள்ளி என்று நீ சொல்வது சரிதான். வானம் மூட்டம் என்று அவர் சொன்ன பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நிழல் இருக்காதே அக்கா.

நீயாகச் சொல்லிவிடு. இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் நான் வந்து சொல்வேன். அக்கா இல்லை என்று வைத்துக்கொள்ளச் சொன்னாய். உனக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும், நீ இருந்தால் போதும்.

வேறு எதையாவது எழுதி உன்னைச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். ஒன்றுதான் இருக்கிறது. கடையில் என்னோடு வேலை செய்கிறவன் என் பழைய ஹெட்செட்டைக் கேட்டான். வலப்பக்கம் மங்கல் என்று சொன்னேன். மாட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மங்கலும் இல்லை, புதிது போல இருக்கிறது, தா என்கிறான். சும்மா கிடைத்தால் அவனுக்கு எல்லாம் புதிதுதான்.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைப் படித்துவிட்டு மேலே படி.

உன் கடிதம் வந்ததற்கு மறுநாள் வானம் கருத்துக் கிடந்தது, காற்றும் இருந்தது. ஏறாமல் இருந்திருக்கலாம். வயிற்றுவலி என்று ஒரு பொய் போதும். ஏறினேன். முதல் பெட்டியைக் கப்பலிலிருந்து எடுத்து லாரிக்கு மேலே கொண்டு வந்துவிட்டேன். கீழே பார்த்தால் லாரி முழுக்க ஒரே சாம்பல் நிறம், நிழல் எங்கும் இல்லை. பெட்டி ஆடிக்கொண்டிருக்கிறது. அது ஒரு ஆள் உயரத்தில் இருக்கிறதா, ஒரு வீட்டு உயரத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. குருவி கையைக் காட்டிக்கொண்டே இருந்தான். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, வலக் கண்ணை மூடினேன். அவன் இல்லை. திறந்தேன். கையைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். ஈரக்குலை நடுங்கியது என்பார்களே, அது எந்த இடம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வாக்கி டாக்கியை எடுத்தேன். "நான் இறக்க மாட்டேன். குருவியை அங்கேர்ந்து நகரச் சொல்லுங்க. வேற ஆளை மேல அனுப்புங்க" என்றேன். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று மேனேஜர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஒரு கண்ணு தெரியல சார்."

அது எல்லோருக்கும் பொதுவான இணைப்பு. துறைமுகம் முழுக்கக் கேட்டிருக்கும். சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. பெட்டியை அப்படியே தொங்கவிட்டுக் கையை லீவரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பையன் ஏறி வரும்வரை கேபின் மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவன் பெட்டியை இறக்கிவிட்டு, என்னை ஏணியில் முன்னால் விட்டுப் பின்னாலேயே வந்தான். கீழே குருவி நின்றிருந்தான். அன்றைக்கு நீ காட்டினது சரிதான் என்று சொன்னேன். தெரியும் அக்கா என்றான்.

உன் மாமா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறதாம். இடக் கண்ணில் போனது போனதுதான். வலக் கண்ணிலும் தொடங்கியிருக்கிறது, தினம் சொட்டு மருந்து விட்டால் நிறுத்தி வைக்கலாம் என்கிறார். மருந்து மாமாதான் விடுகிறார். பாதியைக் கன்னத்தில் ஊற்றுகிறார்.

மேலே இனிப் போக முடியாது. வேறு என்ன வேலை தருவார்கள் என்று இன்னும் சொல்லவில்லை. ஹெட்செட்டை மட்டும் நான்தான் சொல்ல வேண்டும் என்று மேனேஜர் ஒரே பிடியாக நின்றுவிட்டார். ஆபரேட்டர்கள் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து, மூன்றையும் மாட்டி, உன் சோதனையைச் செய்யச் சொன்னேன். ஒவ்வொருவனும் கண்ணை மூடுகிறபோது எனக்கு மூச்சே வரவில்லை. எல்லோருக்கும் சரியாக இருந்தது. கைக்குட்டை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ எனக்குத் தனியாகப் படி என்று எழுதினாய். நான் உனக்கு அப்படி எழுத மாட்டேன். இதற்கு மேல் உள்ளதை யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

டாக்டர் எழுதிக்கொண்டே, "கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். ஒரு தம்பி என்றேன். இது குடும்பத்தில் வரும், அவரையும் உடனே பார்க்கச் சொல்லுங்கள் என்றார். அவன் கண்ணாடிக் கடையிலேயே வேலை செய்கிறான், அவனுக்கு ஒன்றும் இருக்காது என்று நான் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்துப் படித்தேன்.

உன் ஹெட்செட்டில் வலப்பக்கம் மங்கல். உன் கூட வேலை செய்கிறவனுக்கு அதில் மங்கல் இல்லை.

புதிது வாங்காதே. இடக் கண்ணைப் பொத்திப் பார்.

அக்கா


ஜூலை 5

அக்கா,

யாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்.

கடைச் சுவரில் எழுத்து அட்டை இருக்கிறது. வருகிறவர்களுக்கு நான்தான் தினமும் அதைக் காட்டிப் படிக்கச் சொல்கிறேன். எனக்கு அது மனப்பாடம், அதனால் அதை நம்ப முடியவில்லை. வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தபடி நின்றேன். ரொம்ப நேரம் கையைத் தூக்கவே தைரியம் வரவில்லை. எதிர்க்கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டு இடக் கண்ணைப் பொத்தினேன். பலகை தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது. அப்பாடா என்று கையை எடுத்தேன். பலகைக்கு வலப்பக்கத்தில் ஒரு சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. முன்பே இருந்ததா என்று சந்தேகம் வந்தது. மறுபடி பொத்தினேன். சைக்கிள் இல்லை.

கூட வேலை செய்கிறவனுக்கு ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு பழுதும் இல்லை.

இங்கே டாக்டரிடம் தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. உன் டாக்டரிடமே வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை ரயில், மாமாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வா. அங்கே கூட்டமாக இருக்கும். நீ என் வலப்பக்கம் நட. அப்போது நான் உன் இடப்பக்கம் இருப்பேன்.

தம்பி